இலந்தை வேர் என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் புகையிலைப் பைப்புகள் இருந்தன. புகைக்கிறவர் ஒருவர்கூட இல்லை. அப்பா வெற்றிலைகூடப் போடமாட்டார். பைப்புகளைச் செய்த சித்தப்பாவோ ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் நின்று பாடுகிறவர். பஸ் ஸ்டாப்பில் யாராவது பீடி பற்றவைத்தால் தொண்டை போய்விடும் என்று பத்தடி தள்ளிப் போய் நிற்பார்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் இரண்டாம் மாடியில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா ஒரு அமைச்சகத்தில் கிளார்க், அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். சித்தப்பா அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவர், தனியாக அறை பார்க்கும்வரை எங்களோடு இருப்பதாகச் சொல்லி ஆறு வருஷம் இருந்தார். நான் டெல்லியிலேயே பிறந்தவள். எனக்கு அப்போது பத்து வயது. தமிழ் பேசுவேன், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

சித்தப்பா ஒருநாள் பழைய சாமான் சந்தையிலிருந்து உடைந்துபோன வெளிநாட்டுப் பைப் ஒன்றை வாங்கிவந்தார். அதை இரண்டாக அறுத்து, உள்ளே துளை எப்படிப் போகிறது என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புகையில் ஆர்வம் இல்லை. புகை போகிற வழியில்தான் ஆர்வம். பிறகு தானே செய்ய ஆரம்பித்தார். நல்ல பைப் செய்வதற்கென்று கடல்தாண்டிய நாடுகளில் ஒரு புதரின் வேர்முண்டை எடுக்கிறார்களாம். சூட்டில் அது கருகாதாம், வெடிக்காதாம். டெல்லியில் அது கிடைக்காது. அதனால் கிடைக்கிற மரத்தில் எல்லாம் செய்துபார்த்தார். மே மாதத்தில் ஆந்தி என்னும் புழுதிப்புயல் அடித்து ஓய்ந்ததும் ஊரில் எல்லோரும் மாடியில் காய்ந்த துணி எங்கே பறந்தது என்று தேடுவார்கள். சித்தப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒடிந்த கிளை தேடிப் போவார்.

பால்கனிதான் பட்டறை. மரத்தை வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, துளை போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எருமைக் கொம்பில் வாய்முனை சீவிப் பொருத்துவார். கடைசியில் கிண்ணத்தின் உட்புறம் தயிரில் கரித்தூளைக் குழைத்துப் பூசுவார். புகையிலைச் சூடு நேராக மரத்தில் படாமல் இருக்கவாம். அம்மா மோருக்கு வைத்திருந்த தயிர் அடிக்கடி குறைந்தது இப்படித்தான்.

செய்வதெல்லாம் சரி, புகைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. அந்த ஆள் கீழ்வீட்டுத் தாத்தா. கும்பகோணத்துப் பக்கத்தவர், டெல்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல். ஏதோ அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் காலனியில் எல்லாத் தாத்தாக்களும் அப்படித்தான். மகன் பேரில் இருந்த குவார்ட்டர்ஸில் இருந்தார். மகனும் மருமகளும் காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அவருடைய மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். முந்தைய குளிர்காலத்தில் மாமி இறந்துபோனாள். அதன் பிறகு அவர் பின்பக்க வராந்தாவில் மோடா என்னும் நாணல் இருக்கைகள் இரண்டில் ஒன்றில் உட்கார்ந்து, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே பகலைக் கழிப்பார். மற்ற மோடா காலியாகக் கிடக்கும்.

வாலிபத்தில் பைப் பிடித்தவர் என்று தெரிந்ததும் சித்தப்பா விடவில்லை. ஒவ்வொரு மரமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் தாத்தா தீர்ப்புச் சொல்வார். மாமரம் எரிந்தே போய்விட்டது. வேம்பு, கஷாயம் குடிக்கிற மாதிரி இருக்கிறது. சீஷம், அத்தர் கடையில் உட்கார்ந்த மாதிரி. சித்தப்பா தீர்ப்பைச் சின்னக் காகிதத்தில் எழுதி, நூல் கோத்து, அந்தந்தப் பைப்பில் கட்டிவைப்பார். ஆணியில் வரிசையாகத் தொங்கும் அவற்றைப் பார்த்தால் எனக்கு அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் ஞாபகத்துக்கு வரும்.

அவர் ஆசைப்பட்டது இலந்தைக்கு. அதுவும் இலந்தை வேருக்கு. எங்கள் காலனிக்குப் பின்னால் பெயர் தெரியாத யாருடையதோ பழைய சமாதி ஒன்று உண்டு, கும்பத் என்போம். அதை ஒட்டி முதிர்ந்த இலந்தை மரம் ஒன்று நின்றது. வியாழக்கிழமைகளில் பெண்கள் வந்து அதில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போவார்கள். "அடுத்தவங்க கும்பிடுத மரம், அதுல கைய வைக்காதீங்க தம்பி" என்று அம்மா சொல்லியிருந்ததால் சித்தப்பா அதைச் சுற்றிவந்து பார்ப்பதோடு சரி. அந்த வருஷத்து ஆந்தியில் அந்த மரமே சாய்ந்தது. சித்தப்பா வேலை முடிந்து வருவதற்குள் வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கும்பத்துக்குப் போனேன். வேர் ஒன்று கிடைத்தாலும் சித்தப்பா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்ற எண்ணம். அங்கே பள்ளம்தான் இருந்தது. உள்ளே சிவப்பு நூல் துண்டுகள் மண்ணோடு கிடந்தன. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் மெயின் ரோடு வரைக்கும் போனேன். ரோட்டை அகலப்படுத்துவதற்காக நடுவில் இருந்த செடிகளைக் கொஞ்ச தூரத்துக்கு வேரோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் என் தலை அளவுக்கு ஒரு வேர்முண்டு இருந்தது. வேலை செய்த ஆளிடம் இது என்ன என்று கேட்டேன். கனேர், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றார் அவர்.

தனியாக மெயின் ரோட்டைக் கடந்தேன் என்று சொன்னால் முதுகுத் தோல் உரிந்துவிடும். அதனால் அதை மாடிப்படிக்கு அடியில் இரண்டு வாரம் ஒளித்துவைத்தேன். மண் உதிர்ந்து, பட்டை சுருங்கி, பார்த்தால் எந்த மரம் என்று தெரியாத அளவுக்கு ஆனபிறகு எடுத்துப்போய், கும்பத் இலந்தையின் வேர், பள்ளத்தில் தோண்டி எடுத்தேன் என்று சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் அதை வெட்டிப் பார்த்தார். "இலந்தைன்னா செவப்பா இருக்கணும் பிள்ள. இது வெள்ளையால்லா இருக்கு."

"வேர் அப்படித்தான் இருக்கும் சித்தப்பா."

எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சரளமாக வந்தது. அவருக்கும் அது இலந்தையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒப்புக்கொண்டுவிட்டார்.

பால்கனியில் பழைய குக்கரில் நாள் முழுக்க அதை வேகவைத்தார். தண்ணீரைச் சாய்த்துவிட்ட மூலையில் அடுத்த நாள் காலை இரண்டு மைனாக்கள் செத்துக் கிடந்தன. கால்கள் மேலே பார்த்தபடி, அலகு திறந்தபடி. ஜூன் மாதத்தில் லூ என்னும் அனல்காற்று அடித்தால் டெல்லியில் பறவைகள் சாவது வழக்கம்தான். அம்மா அவற்றைப் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். எனக்கு மட்டும் கும்பத்துக்குள் இருப்பவர் கோபித்துக்கொண்டார் என்று தோன்றியது. உடனே, அது அவருடைய மரமே இல்லையே என்ற ஞாபகமும் வந்தது. அப்படியானால் ஏன் செத்தன என்று நான் யோசிக்கவில்லை.

அக்டோபரில் பைப் தயாராகிவிட்டது. அந்த மாதத்தில் காலனித் தெருக்களில் ஏழிலைப்பாலை பூத்து, சாயங்காலமானால் மூச்சடைக்கிற மாதிரி ஒரு மணம் இறங்கும். நானும் சித்தப்பாவும் அந்த மணத்துக்குள்ளேயே இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனோம். சித்தப்பா செய்ததிலேயே அதுதான் அழகு. தந்த நிறத்தில், உள்ளங்கைக்குள் குஞ்சு மாதிரி உட்காரும்.

தாத்தா வாங்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீதான் கொண்டுவந்தியாமே. எங்கேர்ந்து?"

"கும்பத்லேர்ந்து தாத்தா. இலந்தை."

பைப்பை ஒருமுறை உள்ளங்கையில் உருட்டினார். "அச்சா" என்றார். புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தார். இதுவரைக்கும் பண்ணினதில் இதுதான் சிறந்தது என்றார். சித்தப்பா அன்று மாடிப்படியில் ஏறும்போதே பாட ஆரம்பித்துவிட்டார்.

மற்றப் பைப்புகளை ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தவர் இதைக் கொடுக்கவில்லை. சாயங்காலம் நான் விளையாடப் போகும்போது வராந்தாப் பக்கம் எட்டிப்பார்ப்பேன், பிஸ்கட் கிடைக்கும். நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் எதிர் பிளாக்கின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்றார். ரோஜாத் தொட்டியைச் சுற்றி, கொடிக்கம்பியைச் சுற்றி, என் தலையைச் சுற்றி. சொல்லும்போது அவர் முகம் கல்யாண வீட்டில் இருப்பவர் முகம் மாதிரி இருந்தது. கண் மட்டும் உள்ளே போயிருந்தது. பிஸ்கட் தட்டு தொடாமல் இருந்தது; எறும்பு மொய்த்திருந்தது.

நான் காலியான மோடாவை இழுத்து உட்காரப் போனேன்.

"அதுல உக்காராதே பேட்டா. மாமி இருக்கா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நின்றேன். அவர் மோடாவின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். பெட்டியில் இருக்கும் ஸ்வெட்டர்களை வெயிலில் போட வேண்டும் என்றார். பிறகு நிறுத்தினார். ஒருவர் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். தலையை ஆட்டினார். சரி சரி, நாப்தலின் உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். மறுபடி காத்திருந்தார். சிரித்தார். அவர் பேசியதைவிட அந்த இடைவெளிகள்தான் என்னைப் பயமுறுத்தின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் போனேன். பயம்தான், ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொள்வேன். பைப்பிலிருந்து எழும் புகை காலி மோடாவின் மேல் கொஞ்சம் தங்கி, பிறகு கலையும். யாரோ அதை மூச்சாக உள்ளே இழுத்து விடுவதாக எனக்குப் பட்டது. அப்படித்தான் ஒருநாள், என்னைக் கவனிக்காதவர் போல இருந்தவர், சட்டென்று என்னைப் பார்த்தார்.

"மாமி சொல்றா, அது இலந்தை இல்லியாம். நீ பொய் சொன்னியாம்."

கோபமில்லாமல், செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். அதே நேரம் காலி மோடா கிறீச்சிட்டது. நாணல் மோடா யாரும் உட்காராவிட்டாலும் சத்தம் போடும் என்பது இப்போது தெரியும். அன்று செருப்பைக்கூடப் போடாமல் இரண்டு மாடியையும் ஓடி ஏறினேன்.

அந்த மெயின் ரோட்டில் என்னைப் பார்த்தவர்களில் தெரிந்தவர்கள் யாருமில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் மாமிக்கு எப்படித் தெரியும்? செத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று முடிவு செய்துகொண்டேன். சாயங்கால ஜெபத்தில் எல்லோரோடும் முழங்காலில் நிற்கும்போது, மாமி இனி வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கீழே போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அது காற்றில்லாத மாதம். சாயங்காலமானால் கீழ் வராந்தாவிலிருந்து அந்தப் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலேறி எங்கள் பால்கனிக் கம்பிவரைக்கும் வரும். நான் கதவைச் சாத்துவேன். புழுக்கமாயிருக்கே, ஏன் அடைக்கிறாய் என்று அம்மா திறப்பாள். நான் மறுபடி சாத்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தாத்தாவின் மருமகள் மூச்சிரைக்க ஏறிவந்தாள். மாமனார் காலையிலிருந்து வாந்தி எடுக்கிறார், எழுந்து நின்றவர் அப்படியே விழுந்துவிட்டார் என்றாள். அம்மா கையை அலம்பாமலே இறங்கி ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம்.

அவரைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. நாடி ரொம்ப மெதுவாக, விட்டுவிட்டு அடிக்கிறது என்று சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு மருமகள், நாலு நாளாகச் சரியாக ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாள். தாத்தா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, மஞ்சள் புடவையா கட்டிண்டிருக்கே என்று கேட்டார். அம்மா கட்டியிருந்தது சர்ச்சுக்குப் போன வெள்ளைப் புடவை.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "மஞ்சளாவா தெரியுது?"

அவள் ஊரில் படித்த காலத்தில், அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களை வார்டில் பார்த்தவள். அதில் சிலர் சாவதற்கு முன்னால் எல்லாம் மஞ்சள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைப் பின்னாளில்தான் என்னிடம் சொன்னாள். அன்று அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த பைப்பின் மேல் அவள் கண் நின்றது.

"தம்பி, இது என்ன மரம்?"

"இலந்தைதான் மதினி. கும்பத்து இலந்தை. இவதான எடுத்துட்டு வந்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் முன்னால் குந்தி, இரண்டு தோளையும் பிடித்தாள். அவள் விரலில் சாம்பார் காய்ந்திருந்தது.

"ஏட்டி, எங்கேருந்து எடுத்தன்னு சொல்லு. அடிக்க மாட்டேன். இப்ப நீ பொய் சொன்னன்னா இந்த மனுசன் செத்துப்போவாரு."

என் பார்வை அம்மாவின் தோளுக்கு மேலாக வராந்தாவுக்குப் போனது. இரண்டு மோடாவும் காலியாக இருந்தன. எதில் மாமி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"மெயின் ரோட்லேர்ந்து" என்றேன். "நடுவுல இருக்குமே, பிங்க் பூ. கனேர்."

அம்மாவுக்குப் புரியவில்லை. சித்தப்பாவுக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் தேவையான இந்தி அவர்களுக்கு வரும். அதில் செடிகளின் பெயர் கிடையாது. எனக்கோ அரளி என்று அம்மா ஊர்க்கதைகளில் பயத்தோடு சொல்லும் சொல் தெரியும். அது திருநெல்வேலியில் மட்டும் வளரும் ஏதோ பயங்கரம் என்று நினைத்திருந்தேன். ஒரே செடியின் இரண்டு பெயர்கள் எங்கள் வீட்டுக்குள் பத்து வருஷமாக ஒன்றையொன்று பார்க்காமல் இருந்திருக்கின்றன. டெல்லியில் வளர்ந்த மருமகளுக்குத்தான் இரண்டும் தெரிந்திருந்தது.

"கனேர்னா அரளி" என்று சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த பத்து நிமிஷத்தில் தாத்தாவின் மகன் காரைக் கொண்டுவந்தார். அம்மா பைப்பை பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தாத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தப்பா எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரில் நின்றார். கதவின் உட்புறம் அவர் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். எந்தெந்த மரத்தைத் தொடவே கூடாது என்று தமிழில், நல்ல கையெழுத்தில். தினமும் பள்ளிக்கூட யூனிஃபாரம் எடுக்கும்போது அதைப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. முதல் வரியை அன்று எழுத்துக்கூட்டினேன். அ, ர, ளி.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆணியில் தொங்கிய பைப்புகளை எல்லாம் இறக்கி, காகிதங்களை அவிழ்த்துக் கிழித்து, மறுநாள் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவின் வண்டியில் கருவிகளோடு சேர்த்துப் போட்டார். ஆபீஸ் விட்டதும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். சர்ச்சில் அந்த மாதம் அவர் பாடவில்லை.

தாத்தா பிழைத்துவிட்டார். நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். அம்மாதான் கொண்டுவந்து வராந்தா வாசலில் விட்டுவிட்டு, மருமகளோடு பேச உள்ளே போனாள். அவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். ரொம்பச் சின்னவராகிவிட்ட மாதிரி இருந்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஒப்பித்தேன்.

"நீ எதுக்கு ஸாரி சொல்றே? நேக்கு மொத நாளே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தணித்து, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் வேலை பார்த்தது தோட்டத் துறையில். முப்பது வருஷம் டெல்லி ரோடுகளின் நடுவே செடி நட்டதே அவருடைய வேலை. கனேருக்குத் தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, வண்டிப் புகைக்கும் சாகாது; அதனால் ஊர் முழுக்க அதையே நட்டாராம். அந்த மெயின் ரோட்டு வரிசையும் அவர் நட்டதாகத்தான் இருக்கும் என்றார். ஒருமுறை நகத்தால் கீறி மோந்துபார்த்தால் போதுமாம்.

"அப்போ மாமி சொல்லலியா?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

"மாமிக்கு நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சும் ஏன் தாத்தா பிடிச்சீங்க?"

அவர் காலி மோடாவைப் பார்த்தார். "மொதல்ல சும்மாதான் பிடிச்சேன். அப்பறம் அவ வர ஆரம்பிச்சா."

பிறகு, இதைச் சித்தப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லக் கூடாது என்றார். அவர்கள் ரொம்ப வருத்தப்படுவார்களாம். நான் தலையாட்டினேன். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. என் பொய்யைக் கண்டுபிடித்தது மாமி இல்லை. தாத்தாவுக்கும் கோபம் இல்லை. இந்த இரண்டும்தான் எனக்குத் தேவையாக இருந்தன. மற்றதை நான் கேட்டதாகக்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே கீழே பாட்மிண்டன் விளையாடினேன்.

காலையில் கொஞ்சம் நடக்கவேண்டும் என்று டாக்டர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பனி மூட்டத்தில் சால்வைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போய்வருவார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்ப்பேன். டிசம்பரில் ஒரு சாயங்காலம் பால்கனியில் துணி எடுக்கும்போது கீழே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏதோ சொன்னார், நிறுத்தினார், மறுபடி சிரித்தார். தாத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர் இறந்துபோனார். மகனும் மருமகளும் ஆபீஸிலிருந்து வந்தபோது மோடாவிலேயே சாய்ந்திருந்தாராம். அந்த வருஷம் குளிர் அதிகம். காலனியில் வேறு சில வயதானவர்களும் போனார்கள். குளிர் தாங்கவில்லை, ஏற்கெனவே பலவீனமான இதயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்ததும் மகன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சாமான் கட்டுகிற நாளில் வராந்தாவில் இருந்த பூந்தொட்டிகளை நகர்த்திக் கொடுக்கச் சித்தப்பா போனார். நானும் கூடப் போனேன். கடைசித் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், பழைய கைக்குட்டையில் சுற்றி ஏதோ இருந்தது. சித்தப்பா பிரித்தார்.

ஒரு பைப். பேனாக்கத்தியால் செதுக்கியது. வெள்ளை மரம். கிண்ணம் ஒருபக்கம் தடித்து, ஒருபக்கம் மெலிந்து இருந்தது. வாய்முனைக்குக் கொம்பு இல்லாமல் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் குழலைச் செருகியிருந்தார். உள்ளே நன்றாகக் கறுத்திருந்தது.

சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மருமகள் டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று அதைக் கைக்குட்டையோடு பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, தோட்டக் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். குளிர்காலத்துத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். அவர் கழுவிக்கொண்டே இருந்தார். விரல்கள் சிவந்துபோயின.

"யார் செஞ்சது சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அவரேதான் செஞ்சிருக்காரு."

தாத்தாவும் பைப் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் வேலை சுத்தமில்லை. துளைகூட நேராக இல்லை. சித்தப்பாவிடம் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.